வெளியே போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடலாம்

ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்த பேர் சிக்கனம். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. அது சம்பளம் போடுகிறவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் "சிக்கனம் வந்தாச்சா?", "இதைச் சிக்கனத்துக்கிட்ட குடு" என்றுதான் பேச்சு. அவரும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "கடன்காரன்னு கூப்பிடாம சிக்கனம்னு கூப்பிடறாங்களே, அந்தமட்டும் சந்தோஷம்" என்பார்.

ஆபரேஷன் அறைக்குப் பின்னால் ஒரு நீளமான அறை உண்டு. கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் அங்கேதான் கழுவி, நீராவிப் பெட்டியில் போட்டு எடுத்து, துணியில் சுற்றி வைப்பார்கள். அதுதான் அவர் வேலை. அந்த அறைக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கை கழுவ வேண்டும். சும்மா தண்ணீர் காட்டுகிற கழுவல் இல்லை. முழங்கை வரைக்கும், புறங்கை, விரலிடுக்கு, நகக்கண், மறுபடி புறங்கை. பழகிப் பழகி அது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அப்படித்தான், பஸ்ஸை விட்டு இறங்கினாலும் அப்படித்தான். மற்ற எல்லாவற்றிலும் கையை இழுத்துப் பிடிக்கிற மனுஷன் சோப்பில் மட்டும் தாராளம். அது ஆஸ்பத்திரி சோப்பு என்பது வேறு விஷயம்.

எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அது அநியாயம். அப்பா சின்ன வயசிலேயே போய், மாமா வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர். மாமா வீட்டில் சோறு போட்டார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் ஒவ்வொரு கவளத்துக்கும் மாமி ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து பயந்து சாப்பிட்டவனுக்கு, பின்னால் சொந்தக் காசில் சாப்பிட்டாலும் தொண்டையில் அடைக்கத்தானே செய்யும்?

கல்யாணம் ஆகியும் அது மாறவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் பெண்டாட்டிக்குச் சொல்ல வேண்டிய நல்ல வார்த்தையைக்கூட அளந்துதான் போட்டார். அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்? பொண்ணுக்கு ஆறு வயசு இருக்கும்போது பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் ஒரு கம்பெனி மேனேஜரைக் கட்டிக்கொண்டாள். அந்த மேனேஜர் நல்ல மனுஷன். பொண்ணைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். அதுதான் சிக்கனத்துக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்தால் திட்டியாவது ஆற்றிக்கொண்டிருப்பார், பாவம்.

பொண்ணை லீவு நாட்களில் கூட்டிக்கொண்டு வரலாம் என்று ஏற்பாடு. போன லீவுக்கு மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போனார். கையோடு கொண்டுபோன முட்டை ரொட்டி வெயிலில் கெட்டிருந்தது தெரியாமல் சாப்பிட்டு, பிள்ளைக்கு வாந்தியும் பேதியும். அவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே படுக்கை போட வேண்டியதாயிற்று. கத்தியைக் கழுவுகிறவருக்கு மகள் கையைக் கழுவத் தெரியவில்லையா என்று ஒரு நர்ஸ் விளையாட்டாகக் கேட்டுவிட்டாள். அந்தப் பேச்சு அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

இந்தத் தடவை பொண்ணைக் கூப்பிடப் போனபோது, அடுக்குமாடியின் லிப்ட் பக்கத்திலேயே அம்மாக்காரி நிறுத்தினாள்.

"இங்க பாருங்க. நாங்க அடுத்த மாசம் கிளம்பறோம். அவருக்கு வெளிநாட்டுல வேலை மாத்திட்டாங்க. லீவுக்கு லீவு இவளை இங்க அனுப்பறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல."

"அனுப்பாம எப்படி? என் பொண்ணு இல்லையா?"

"உங்க பொண்ணுதான். முழுசாத் திரும்பி வரணும்ல? நல்ல ஹோட்டல்ல தங்குங்க. நல்ல எடத்துல சாப்பிடுங்க. அவளைத் தனியா எங்கயும் விடாதீங்க. நாளைக்குச் சாயங்காலம் போன் பண்ணி அவகிட்டதான் கேப்பேன். சந்தோஷமா இருந்தான்னா அனுப்பறேன். இல்லேன்னா நீங்க போன்லயே பேசிக்க வேண்டியதுதான்."

"அதெல்லாம் நல்ல ஹோட்டல்தான்" என்றார் சிக்கனம். சொல்லும்போதே காது சிவந்துவிட்டது.

பொண்ணுக்கு இப்போது பதினோரு வயசு. முன்பெல்லாம் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவாள்; வேண்டும் என்றால் வேண்டும், இல்லையென்றால் தரையில் புரண்டு அழுவாள். இப்போது தோளில் பையோடு நின்று, "போலாமாப்பா, நீங்க ரெடியா?" என்று கேட்டாள். எதற்கெடுத்தாலும் "பரவாயில்லப்பா" என்றாள். பஸ்ஸில் ஜன்னல் கிடைக்கவில்லை, பரவாயில்லப்பா. தண்ணீர் சூடாக இருக்கிறது, பரவாயில்லப்பா. விருந்தாளி வீட்டுக்கு வந்த பிள்ளை மாதிரி அப்படி ஒரு பதவிசு.

போகிற இடம் தீம் பார்க். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அங்கே இருக்கிற பெரிய ராட்டினம். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுகள் மெதுவாகச் சுற்றும், மேலே போனால் கடல் தெரியுமாம். "அப்பா, நீங்களும் நானும் ஒரே கூண்டுல, சரியா?" என்று போனிலேயே சொல்லி வைத்திருந்தாள். அதற்காக அவர் மாதக்கணக்காக இரட்டை ஷிப்ட் பார்த்தார். டிக்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் காசு தேறியது. சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும்தான் வழக்கம்போல மூளையைக் கசக்க வேண்டியிருந்தது.

பார்க்கைச் சுற்றியிருந்த ஹோட்டல்களில் ஒரு ராத்திரிக்குக் கேட்டது அவருடைய ஒரு மாத வீட்டு வாடகை. "கட்டிலுக்கு வாடகையா, இல்ல கட்டிலையே விக்கறீங்களா?" என்று ஒரு இடத்தில் கேட்டுவிட்டே வந்தார். கடைசியில் பஸ் கடைசியாக நிற்கிற இடத்தில், டயர் கடைக்கு மேலே லாரி டிரைவர்கள் தங்குகிற லாட்ஜ் ஒன்று அகப்பட்டது. ஜன்னல் இல்லாத அறை, அதனால் விலை கம்மி. ஒரு கட்டில். குளியலறை வராந்தாக் கோடியில், எல்லாருக்கும் பொது.

"ரெண்டு பேருக்கு வாடகை கூட" என்றான் லாட்ஜ் மேனேஜர்.

"ரெண்டு பேரா? ஒண்ணரைதான். அந்த அரையையும் நான் தரையில படுத்துக் கழிச்சுடறேன்" என்றார் இவர். மேனேஜர் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தான். பொண்ணு கட்டிலில் படுத்து, அறையைச் சுற்றிப் பார்த்தாள். டயர் ரப்பர் வாடை குப்பென்று அடித்தது.

"பிடிச்சிருக்காடா?"

"பரவாயில்லப்பா."

காலையில் அறையிலிருந்த கெட்டிலில் முட்டை அவித்தார். ஓட்டோடு இருக்கிற முட்டை கெடாது. போன தடவைப் பாடம். ஆவி வாசனை வராந்தாவுக்குப் போய் மேனேஜர் எட்டிப் பார்த்தான். "சார், கெட்டில் டீ போடறதுக்கு."

"டீக்குத்தானே தண்ணி கொதிக்குது தம்பி? அதுல முட்டையும் குளிச்சுட்டுப் போகட்டுமே."

பொண்ணு குபீரென்று சிரித்தாள். வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. சிக்கனத்துக்கு ஏதோ பெரிய காரியத்தைச் சாதித்துவிட்ட மாதிரி இருந்தது. முட்டை, ரொட்டி, வாழைப்பழம், தண்ணீர், ஆஸ்பத்திரி சோப்பு ஊற்றிய சின்னப் புட்டி எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டார்.

பார்க்கில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். அது அவருக்கு முன்பே தெரியும். வாசலுக்கு வெளியே பை வைக்கிற அறையில் அதை வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். காலை முழுக்க நன்றாகத்தான் போயிற்று. தண்ணீரில் சறுக்கினார்கள், இடிக்கிற காரில் இடித்துக்கொண்டார்கள், ஆட்டுக்குட்டிகளுக்குத் தழை கொடுத்தார்கள். ராட்டினத்தில் மட்டும் வரிசை வளைந்து வளைந்து நின்றது.

"இப்ப நிக்க வேண்டாம்டா" என்றார் சிக்கனம். "மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிடுவாங்க, அப்ப வரிசையே இருக்காது. நாம முன்னாடியே வெளியே போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடலாம். எப்படி அப்பா ஐடியா?"

"சூப்பர்ப்பா" என்றாள். சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டும்போது மட்டும் நடை கொஞ்சம் மெதுவாயிற்று. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவர்தான் விலைப் பலகையைப் பார்த்துவிட்டு, "கொள்ளைக்காரப் பசங்க" என்று முணுமுணுத்தார்.

வெளியே போகிற வாசலில் ஒரு பெண் அவர்கள் இருவர் புறங்கையிலும் ஊதா மையில் முத்திரை குத்தினாள். "திரும்பி வரப்ப இதைக் காட்டுங்க" என்றாள். அவரும் தலையாட்டினார். பையை எடுத்துக்கொண்டு, வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு மரத்தடி பார்த்தார்கள். பக்கத்திலேயே குழாய்.

இங்கேதான் கதை கெட்டது. காலையெல்லாம் பிள்ளை ஆட்டுக்குட்டியைத் தொட்டிருக்கிறாள், ஊர்ப்பட்ட ஜனம் பிடித்த கம்பியைப் பிடித்திருக்கிறாள். போன தடவை படுக்கையில் சுருண்டு கிடந்த உடம்பு அவர் கண்ணுக்குள் வந்தது. "கையைக் காட்டு" என்றார். தானே கழுவிக்கொள்வதாகச் சொன்னாள். விடவில்லை. சோப்பைத் தன் உள்ளங்கையில் ஊற்றி, அவள் கையை எடுத்து, முழங்கையிலிருந்து ஆரம்பித்தார். விரல் விரலாக, நகம் நகமாக, புறங்கை, விரலிடுக்கு, மறுபடி புறங்கை. பிள்ளைக்குக் கூச்சம் தாங்கவில்லை. "அய்யோ விடுங்கப்பா, கூசுது" என்று நெளிந்து நெளிந்து சிரித்தாள். எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தக் கையைப் பிடிக்கிறார்! விட மனசே வரவில்லை. இன்னும் கொஞ்சம் சோப்பு ஊற்றித் தன் கையையும் சேர்த்துக் கழுவினார். அந்த மதியம், அந்தக் குழாயடியில், அவர் வாழ்க்கையிலேயே இல்லாத சந்தோஷத்தில் இருந்தார் என்று சத்தியம் பண்ணிச் சொல்லலாம். முத்திரை நினைப்பு மூளையில் எங்கோ ஓரமாக இருந்திருக்கும். கைக்கு அது தெரிய வேண்டுமே! அது தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது.

நன்றாகச் சாப்பிட்டார்கள். முட்டை ஓட்டைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். வாசல்காரன் கையைக் காட்டச் சொன்னான். காட்டினார்கள். நாலு கையும் பளிச்சென்று இருந்தன.

"முத்திரை எங்க சார்?"

சிக்கனத்துக்கு அப்போதுதான் உறைத்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். டிக்கெட்டைக் காட்டினார். குத்தின பெண்ணைக் கூப்பிடச் சொன்னார். அவள் ஷிப்ட் முடிந்து போயிருந்தாள்.

"டிக்கெட்டை வெளியே யார்கிட்ட வேணா குடுத்தனுப்பலாம் சார். அதுக்காகத்தான் முத்திரையே. நான் விட்டா என் வேலை போயிடும்" என்றான் வாசல்காரன். கெட்டவன் இல்லை; அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்.

"தம்பி, ஆஸ்பத்திரில வேலை. கை கழுவிப் பழக்கமாயிடுச்சு. தெரியாமப் பண்ணிட்டேன்."

"எல்லாரும்தான் சார் கை கழுவறாங்க. இது லேசுல போற மை இல்லையே?"

பின்னால் வரிசை சலசலத்தது. பொண்ணு அவர் சட்டையை மெதுவாக இழுத்தாள். "பரவாயில்லப்பா. வாங்க போலாம். நான் நிறைய விளையாடிட்டேன்."

அவள் ஓவென்று அழுதிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தரையில் புரண்டிருந்தால் தூக்கிச் சமாதானம் செய்திருப்பார். அந்தப் பரவாயில்லைக்கு என்ன சமாதானம் சொல்வது? அவள் முகத்தைப் பார்த்தார்; அவள் ராட்டினம் இருந்த பக்கம் பார்க்காமல் இருக்கக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்கு மேல் அரை நாள் டிக்கெட் கொடுத்தார்கள். சட்டைப் பையிலும் உள்பையிலும் துழாவினார். இரண்டு பேருக்கு வாங்கினால் ஊர் திரும்பப் பஸ்ஸுக்கு இல்லை. ஒரு பிள்ளை டிக்கெட் வாங்கலாம். பிள்ளையைத் தனியாக விட முடியாது என்றாள் டிக்கெட் கொடுக்கிறவள். பின்னால் நின்ற ஒரு குடும்பம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. கணவன், மனைவி, ஒரு சின்னப் பொண்ணு. அந்த அம்மா முன்னால் வந்து, "எங்ககூட வரட்டும் அண்ணே. நாங்களும் ராட்டினத்துக்குத்தான் போறோம். சுத்திட்டு நாங்களே கொண்டாந்து விடறோம்" என்றாள்.

தனியா எங்கயும் விடாதீங்க என்று லிப்ட் பக்கத்தில் கேட்ட குரல் அவர் காதில் விழுந்தது. இருந்தாலும் டிக்கெட்டை வாங்கிவிட்டார்.

"நீங்கப்பா?" என்றாள் பொண்ணு.

"நான் இங்க பையைப் பாத்துக்கறேன்டா."

முட்டை ஓடும் வாழைப்பழத் தோலும் இருக்கிற பை. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் ஓட்டமும் நடையுமாக வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு ராட்டினம் தெரிகிற இடத்துக்குப் போனார். மதிய வெயில் கண்ணாடிக் கூண்டுகளில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. உள்ளே இருக்கிற தலைகள் தெரிந்தன, முகம் தெரியவில்லை. எந்தக் கூண்டில் அவள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் மேலே வந்த ஒவ்வொரு கூண்டுக்கும் கையை ஆட்டினார். வண்டி நிறுத்துகிற இடத்தில் சீட்டுக் கொடுக்கிறவர் ஒருத்தர் வந்து வேடிக்கை பார்த்தார்.

"யாருக்குக் கை ஆட்டறீங்க?"

"என் பொண்ணுக்கு."

"எதுல இருக்கா?"

"ஏதோ ஒண்ணுல இருக்கா" என்றார் சிக்கனம். அதைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. யாரோ ஒருத்தன் பெண்டாட்டி பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிற கூண்டில் தன் பிள்ளை. எப்போதும் இப்படியேதானா, தன் பிள்ளையைத் தான் வெளியே நின்று பார்க்கிறதா என்று மனசு விட்டு அழுதார். கை மட்டும் ஆட்டுவதை நிறுத்தவில்லை.

சொன்னபடியே அந்த அம்மா கொண்டுவந்து விட்டாள். பிள்ளை முகம் மலர்ந்துதான் இருந்தது.

"கடல் தெரிஞ்சுதாடா?"

"தெரிஞ்சுதுப்பா. நான் கை ஆட்டினேனே, பாத்தீங்களா?"

"பாத்தேனே."

"நீங்க ஆட்டினதையும் நான் பாத்தேன்பா" என்றாள். அவர் வேலியோரம் போனது அவளுக்கு எப்படித் தெரியும், ராட்டினத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியுமா என்றெல்லாம் அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. ஒரு ராத்திரியிலும் ஒரு பகலிலும் அம்மாக்காரி சொன்ன ஒன்றைக்கூட அவர் காப்பாற்றவில்லை. பிள்ளை பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. உள்ளதைச் சொல்வாள், சொல்லவும் வேண்டியதுதான். கண்ணை மூடிக்கொண்டு போனை அவளிடம் நீட்டினார்.

"அம்மா! ம், சூப்பரா இருந்துச்சும்மா. ரூம் நல்லா இருந்துச்சு, பெரிய ஜன்னல். டிவி இருந்துச்சு. சாப்பாடா? உள்ளேயே சாப்பிட்டோம். அப்பா எனக்கு ஐஸ்கிரீம்கூட வாங்கித் தந்தாரு. அய்யோ, ஆமாம்மா, ராட்டினத்துல ஏறினோம். ரெண்டு பேரும்தான், ஒரே கூண்டுல. அப்பா பயந்துட்டாரு தெரியுமா? மேல போனதும் என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, கண்ணைத் திறக்கவே இல்ல."

போனுக்குள் அம்மாக்காரி சிரிப்பது இவருக்கும் கேட்டது. பொண்ணும் சிரித்தாள். எங்கேயும் தட்டுத் தடுமாற்றமே இல்லை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று எவனோ சொல்லி வைத்தானே, அவன் இந்தப் பிள்ளையைப் பார்த்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்பான்.

"அம்மா பேசணுமாம்" என்று போனைக் கொடுத்தாள்.

"என்ன, பயந்துட்டீங்களாமே?" குரலில் பழைய கோபம் இல்லை. "தேங்க்ஸ். இவ்வளவு பண்ணுவீங்கன்னு நான் நினைக்கல. அவ சந்தோஷமா இருக்கா. லீவுக்கு லீவு அனுப்பறேன், கவலைப்படாதீங்க."

அவர் வாயைத் திறந்தார். இல்லை, நான் உள்ளேயே போகவில்லை, உன் பொண்ணு பொய் சொல்கிறாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பிள்ளை போச்சு. சொல்லாவிட்டால், பதினோரு வயசில் அப்பனுக்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அப்பனே ஒத்து ஊதினதாகிவிடும். பொண்ணு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா. ரொம்ப உயரம்" என்றார்.

போனை வைத்துவிட்டார். என்ன ஆசைப்பட்டாரோ அது கிடைத்துவிட்டது. துள்ளிக் குதிக்க வேண்டிய மனுஷன், பாறாங்கல்லை விழுங்கினவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தன்னோடு ராட்டினம் ஏற ஆசைப்படுகிற பிள்ளையாக அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிற பிள்ளையாகத் திருப்பிக் கொண்டுபோகிறார். ஜன்னல் இல்லாத அறைக்கு ஜன்னல் வைத்தது யார்? இந்தச் சின்னப் பெண். எப்போதிலிருந்து இவள் இதை யோசித்து வைத்திருந்தாள்? கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கடலைப் பார்க்க வேண்டிய நேரத்தில், இதையா யோசித்துக்கொண்டிருந்தாள்?

"ஏன்டா அப்படிச் சொன்னே?" என்றார்.

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே அம்மா என்ன கேட்டாலும் போனை என்கிட்ட குடுத்துடுங்கப்பா. உங்களுக்குப் பொய் சொல்ல வராது."

பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. அவள்தான் ஆட்களுக்கு நடுவே புகுந்து முதலில் ஏறி, அவருக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தாள்.